வாசல் வரை நடப்பவர் தெருவுக்கு ஏன் வருவதில்லை: 74 வயது அம்மா ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக்குள் நன்றாகவே நடமாடுகிறார். தானே குளிக்கிறார், காய் நறுக்கித் தருகிறார், பேரனுக்குத் தலை வாரி விடுகிறார். ஆனால் தெருவில் கால் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை மகன் ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப் போவதோடு சரி. ஏன் என்று வீட்டில் கேட்டால், "வயசாயிடுச்சு மேடம், அதான்" என்கிறார்கள். அதே தெருவில் இவரைவிட ஏழெட்டு வயது பெரியவர் ஒருவர் தினமும் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார், அப்படியானால் வயது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பிறகு என்னதான் காரணம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வீடுகளுக்குப் போய் முதியவர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். இந்த அம்மாவை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜப்பானில் இந்த விஷயத்தை ரொம்ப நாளாக ஆராய்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறைகூட வெளியே போகாதவரை அங்கே வீட்டோடு அடங்கிவிட்டவராகக் கணக்கெடுக்கிறார்கள், காரணங்களை உடம்பு, மனசு, சூழல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். நல்ல பிரிவுதான். ஆனால் நிஜத்தில் மூன்றும் தனித்தனியாக நிற்பதில்லை. இந்த அம்மாவிடம் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வரிசை தெரியாமல் முட்டிக்கு மட்டும் பயிற்சி கொடுத்திருந்தால் முட்டி பலமாகியிருக்கும், அவர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆள் யார்

சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு தனி வீடு. கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன். அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பகுதியில் இன்று வளர்ந்து நிற்கிற பாதிப் பேர் அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள். இருபது வருஷமாக ரத்தக்கொதிப்பு, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின். வலது முட்டியில் தேய்மானம். இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று, வலது கண் அப்படியே இருக்கிறது. "ஒரு கண்ணுதான் நல்லாத் தெரியுதே, இன்னொண்ணு எதுக்கு" என்று விட்டுவிட்டார்.

முதல் தடவை போனபோது என்னைக் கூப்பிட்டது மகன். "அம்மாவுக்கு முட்டி வலி, கொஞ்சம் எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்க" என்பதுதான் கோரிக்கை. வெளியே போகாததை யாரும் ஒரு பிரச்சினையாகவே சொல்லவில்லை, அம்மாவும்தான். "எனக்கென்ன கண்ணு கொறச்சல், டிவி இருக்கு, பேரன் இருக்கான்" என்றார். முதியவர் வீட்டோடு இருப்பது நம் வீடுகளில் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பத்து வயதுப் பையன் ஒன்றரை வருஷம் தெருவுக்கு வரவில்லை என்றால் அந்தத் தெருவே விசாரித்திருக்கும்.

கடைசியாக எங்கே போனீர்கள்

இப்படிப்பட்டவர்களிடம் நான் முதலில் கேட்பது வலியைப் பற்றி இல்லை. "கடைசியாகத் தனியாக எங்கே போனீங்க? அதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போவீங்க? எது முதல்ல நின்னுது?" இதைத்தான் கேட்பேன். பதில் ஒரே நாளில் வராது. துண்டு துண்டாக வந்ததை நான் வரிசைப்படுத்தினேன்.

முதலில் நின்றது சாயந்திர நேரக் கோயில் பேச்சு. வீட்டிலிருந்து சுமார் முந்நூறு மீட்டரில் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. அங்கே மண்டபத்தில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். 2020 ஊரடங்கில் அது நின்றது. ஊரடங்கு முடிந்து மற்ற எல்லாம் திரும்பி வந்தாலும் அந்தக் கூட்டம் சேரவில்லை. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவரை மகன் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார். இது இவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கில், அதற்கு முந்தைய பத்தாண்டில் 5 சதவீதம் அளவில் இருந்த வீட்டோடு அடங்கியவர்களின் விகிதம் 2020இல் 13 சதவீதம் ஆனது. வெளியே போகிற பழக்கம் ஒரு தடவை அறுந்துபோனால், தடை நீங்கினாலும் அது தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

அப்புறம் நின்றது பேங்க். மாதப் பிறப்பில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பென்ஷன் பணம் எடுத்து வருவார், வரும் வழியில் பேரனுக்கு ஏதாவது வாங்குவார். அது ஏன் நின்றது என்று கேட்டபோது, "பையனே ஏடிஎம்ல எடுத்துக் குடுத்துடறான்" என்றார். சரி, ஆனால் அட்டையை மகனிடம் கொடுத்தது அவரேதான். ஏன் கொடுத்தார் என்பது பல வாரம் கழித்து, மருமகள் வீட்டில் இல்லாத ஒரு மதியத்தில்தான் வெளியே வந்தது. பேங்க் வாசலில் வரிசையில் நிற்கும்போது அடக்க முடியாமல் சிறுநீர் போய்விட்டது. புடவை நனைந்தது. பின்னால் நின்றிருந்தவர் இவரிடம் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பையன். அவன் கவனித்தானா இல்லையா என்றுகூடத் தெரியாது, ஆனால் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். மகனிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் முட்டி வலி என்றே சொல்லி வந்திருக்கிறார், ஏனென்றால் முட்டி வலியைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

மாத்திரையில் தொடங்கிய சங்கிலி

இந்த இடத்தில்தான் மருந்துச் சீட்டுகளைப் பரப்பி வைத்துத் தேதி பார்த்தேன். வீடுகளுக்குப் போகிற யாரும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராமில் இருந்து 10 ஆக்கியிருக்கிறார்கள். சில வாரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. அம்லோடிபினுக்கு, முக்கியமாக 10 மில்லிகிராம் அளவில், கால் வீக்கம் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்தைக் காட்ட வேறு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள், அங்கே நீர் பிரிய ஃபுரோசமைடு எழுதியிருக்கிறார்கள், காலையில் ஒன்று. அந்த மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை காட்டத் தொடங்கும், ஆறு மணி நேரம் வரை இழுக்கும். அவர் பேங்குக்குப் போகிற நேரமும் அதுதான்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை மருத்துவ உலகில் மருந்துத் தொடர் என்பார்கள். அம்லோடிபின், கால் வீக்கம், நீர் மாத்திரை என்கிற இந்த வரிசை அதற்குப் பாடப்புத்தக உதாரணம். யாரோ கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கிளினிக்கின் சீட்டும் ஒரே கையில் சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான். பெரியவர் டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள் என்று பார்க்கிற குடும்பத்துக்கெல்லாம் சொல்கிறேன். சீட்டு போதாது, மாத்திரையே வேண்டும்.

படுத்திருக்கும்போது அம்மாவின் பிரஷர் 148/84. எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் 122/74. எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். இவருக்கு மேல் எண் 26 இறங்கியது, கீழ் எண் 10. "எழுந்தா ஒரு மாதிரி கிறுகிறுன்னு வரும், அப்புறம் சரியாயிடும்" என்று சாதாரணமாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் தெரிய வராது.

படியும் செருப்பும்

அப்போதும் அவர் வெளியே போவதை முழுதாக நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் பூ வாங்கவும் போய்க்கொண்டுதான் இருந்தார். காலையில் தண்ணீரே குடிக்காமல் போவார், அது வேறு கதை. பிறகு தெருவில் மழைநீர் வடிகால் வேலை வந்தது.

சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீடு கட்டுகிறவர்கள் தளத்தை இரண்டரை அடி, மூன்றடி தூக்கிக் கட்டுகிறார்கள், அதற்கான படி தெருவில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். வடிகாலுக்குத் தோண்டும்போது முதலில் போவது அந்தப் படிதான். இவர் வீட்டில் மூன்று படி இருந்தது, கீழ்ப்படி போய்விட்டது. வேலை முடிந்து மேலே சிமெண்ட் பலகை மூடினார்கள், படியைத் திரும்பக் கட்டவில்லை. பலகைக்கும் மிச்சமிருந்த படிக்கும் நடுவே உயரத்தை டேப் வைத்து அளந்தேன், 14 அங்குலம். வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அதாவது ஏழரை அங்குலம். இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மகனும் மருமகளும் பைக்கை நிறுத்தும் பக்கச் சரிவு வழியாகப் போய் வருகிறார்கள், வயதான அம்மாவுக்கு அந்தச் சரிவு வழுக்கும். அதனால் அந்த 14 அங்குலம் வீட்டில் வேறு யாருடைய கண்ணிலும் படவில்லை.

அந்த இடத்தில்தான் விழுந்தார். எப்படி விழுந்தார் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது. இடது காலைக் கீழே வைத்தார், வலது கால் செருப்பு மேல்படியிலேயே கழன்று நின்றுவிட்டது, அது கழன்றது அவருக்குத் தெரியவில்லை. வெறுங்கால் செருப்பின் மேல் இடறியது, கையை ஊன்றி விழுந்தார், வலது மணிக்கட்டு உடைந்தது.

செருப்பு கழன்றது தெரியவில்லை என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் அந்த வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை என்கிற, தட்டினால் அதிரும் உலோகக் கருவியைத் தட்டி அவருடைய கட்டைவிரலில் வைத்தேன், அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் வைத்தேன், அங்கேயும் மங்கல். முட்டியில் வைத்தபோதுதான் "ஆமா, ஆடுது" என்றார். சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கிறது. அதோடு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 குறையலாம், அதுவும் இதே நரம்புகளைத்தான் கெடுக்கும், ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாகவே வந்தது. பாதம் தரையைச் சரியாக உணரவில்லை, வலது கண் மங்கல் என்பதால் படியின் ஆழம் பிடிபடவில்லை, கண்ணாடியோ பைஃபோகல், கீழே குனிந்து பார்த்தால் அடுத்து பாதம் வைக்கிற இடம், புத்தகம் படிப்பதற்கான கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகக் கலங்கித் தெரியும். இத்தனையோடும் அந்த 14 அங்குலத்தை அவர் எத்தனையோ தடவை விழாமல் இறங்கியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

உடைந்தது கை, படுத்தது கால்

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு ஆறு வாரம். "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வீட்டில் அதை அப்படியே கட்டிலில் படுக்க வைப்பது என்று புரிந்துகொண்டார்கள். அன்பினால்தான். மருமகள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாப்பாடு கட்டிலுக்கே வந்திருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆறு வாரம் அவருக்கு எடுத்துக்கொண்டது அந்த எலும்பு முறிவு எடுத்ததைவிட அதிகம். ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை போயிருந்தது. அவர்கள் எந்த நோயும் இல்லாதவர்கள். இந்த அம்மா நாள் முழுக்கப் படுக்கவில்லை, பாத்ரூம் போய் வந்திருக்கிறார், ஆனாலும் மாவுக்கட்டைப் பிரித்தபோது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ஊன்றலாம் என்றால் ஊன்றுகிற கையும் வலது கைதான்.

மணிக்கட்டு உடைந்த 74 வயதுப் பெண்ணுக்கு எலும்பு வலு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் பயம். அவருக்கு இருந்த பயத்தைவிட மகனுக்கு இருந்த பயம் பெரிது. "அம்மா, நீ திரும்ப விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" மகனுடைய மாமனார் அப்படி விழுந்து மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தவர், அதனால் அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளும் தன் பங்குக்கு, "அத்தை, நீங்க ஏன் அலையறீங்க, போன்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று பூ முதல் வெற்றிலை வரை வாசலுக்கு வரவழைத்துவிட்டார். ரேஷன் மகன் வேலை, மாத்திரை டெலிவரி பையன் வேலை, பணம் ஏடிஎம் அட்டை வேலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த அம்மா வெளியே போவதற்கான காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை.

முடங்குகிற முதியவர்களைப் பற்றிப் பேசும்போது கவனிக்காமல் விடப்பட்டவர்களைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் போகும் வீடுகளில் பாதி, நன்றாகக் கவனிக்கப்படுகிற வீடுகள். அங்கே ஒவ்வொரு வேலையாக அன்போடு வாங்கிக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. தனியாக இருந்துகொண்டு பத்து கிலோ அரிசியைத் தூக்க முடியாதவருக்கு அது பெரிய ஆறுதல், வர வேண்டிய திட்டம்தான். ஆனால் நடக்கக்கூடிய ஒருவருக்கு வீட்டில் நாமே எல்லாவற்றையும் வாசலில் கொண்டு வந்து இறக்கும்போது, அந்த ஆள் தெருவில் நாலு பேரைப் பார்க்கிற வேறு வழி என்ன என்று அதே நேரத்தில் யோசித்தாக வேண்டும்.

அளந்து பார்த்தது

நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு 24 வினாடி. 12 வினாடி ஆனாலே விழும் ஆபத்து உள்ளவராக எடுத்துக்கொள்வோம். அரை நிமிஷத்தில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று பார்த்தால் பூஜ்யம். கடந்த நாலு வாரத்தில் எதுவரை போனார், எத்தனை தடவை, யார் துணையோடு என்று கேட்டு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் இருக்கிறது, அலபாமா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 120க்கு. அதில் அம்மாவுக்கு 28. வீட்டுக்குள் 8, போர்ட்டிகோவரை 16, டாக்டரிடம் மகனோடு போனதற்கு 4. தெருவுக்கு பூஜ்யம். அந்தத் தாளை மகனிடம் காட்டினேன். எவ்வளவோ சொல்லியும் உறைக்காதது அந்தப் பூஜ்யத்தில் உறைத்தது. "தெருவே இல்லையே மேடம்" என்றார்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று கேள்விப்பட்டியல் வைத்துப் பார்த்தேன், எல்லைக்கோட்டில் இருந்தது. மறதி இல்லை. இவரிடம் சோர்வினால் வெளியே போகாமல் இருந்ததைவிட, வெளியே போகாததால் வந்த சோர்வு என்றே எனக்குப் பட்டது, அதனால் மாத்திரை கேட்டு அனுப்பாமல் காத்திருந்து பார்ப்பது என்று டாக்டரோடு பேசி வைத்தோம்.

என்ன செய்தோம்

முதல் வேலை மருந்து, அது டாக்டரின் வேலை. பிரஷர் இறக்கத்தையும் சீட்டுத் தேதிகளையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பரிசோதித்து, வீக்கத்துக்கு வேறு காரணம் இல்லை, சிறுநீரில் கிருமியும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு அம்லோடிபினைக் குறைத்து டெல்மிசார்டன் என்கிற வேறு ரத்தக்கொதிப்பு மாத்திரை சேர்த்தார், நீர் மாத்திரையை நிறுத்தினார், பி12 ஊசி எழுதினார், எலும்பு அடர்த்தி பார்க்க அனுப்பினார். சில வாரத்தில் வீக்கம் வடிந்தது. அவசரமாகப் போகிற தொல்லை முழுசாகப் போகவில்லை, ஆனால் "அடக்கிட்டு எழுந்து நடந்து போக முடியுது" என்கிற நிலைக்கு வந்தது. நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிலருக்கு அது இதயத்தைக் காப்பாற்றுகிற மருந்து.

படிக்கு ஒரு கொத்தனார், ஒரு நாள் வேலை. ஏழு அங்குலமாக இரண்டு படி, ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பட்டை, பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் ஜிஐ பைப்பில் ஒரு கைப்பிடி. பேரன்தான் பெயிண்ட் அடித்தான். செருப்பு மாற்றினோம், சர்க்கரைக்காரர்களுக்கான, எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு, பின்னால் வார் இருப்பது. வார் இல்லாத எந்தச் செருப்பும் இவருக்கு ஆகாது.

கம்புக்குத்தான் பெரிய போராட்டம். பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தது கணவருடையது, இவர் மார்பு வரை வருகிறது. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் கம்பின் உயரம். வலது முட்டி வலி என்றால் கம்பு இடது கையில், இதைப் பத்துக்கு ஒன்பது பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். இவருக்கோ பிடிப்பதே பிரச்சினை. "கம்பு ஊனிக்கிட்டுப் போனா டீச்சரம்மா கதை முடிஞ்சுதுன்னு நெனப்பாங்க." ஊரில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வாதாடவில்லை. முதல் சில நாள் இருட்டிய பிறகு தெருமுனைவரை கூட்டிப் போனேன், யாரும் பார்க்காத நேரமாக. பிறகு குடையை ஊன்றிக்கொண்டு வருகிறேன் என்று அவரே கேட்டார், குடை வழுக்கும் என்று மறுத்துவிட்டேன். கடைசியில் உயரம் மாற்றக்கூடிய அலுமினியக் கம்பை ஏற்றுக்கொண்டார், ரப்பர் முனையோடு.

பயிற்சி, நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை. காலில் சின்ன எடை கட்டித் தூக்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலில், நுனிக்காலில் நிற்பது, ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்பது. முதியவர்கள் விழுவதை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்ததாக நிரூபித்திருக்கிறார்கள். இவர் குக்கர் விசில் வருகிற நேரத்தில் செய்வார்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் தானாகப் போகவில்லை. கால் தயார், படி தயார், ஆனால் "போய் என்ன பண்ணப் போறேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. முதியவரை வாக்கிங் போங்கள் என்று அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, வாழ்நாளெல்லாம் வேலையாகத் தெருவில் நடந்த பெண்ணுக்கு வெறுமனே நடப்பது ஒரு காரணமே இல்லை. அதனால் மருமகளோடு உட்கார்ந்து பேசினோம். பூவைப் போனில் வரவழைப்பதை நிறுத்தச் சொன்னேன். அவருக்கு முதலில் சங்கடம், "வேலை வாங்கற மாதிரி ஆயிடுமே மேடம், நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது பூ, கொத்தமல்லி, கறிவேப்பிலை அம்மாவின் பொறுப்பு. தெருவில் பாதி வழியில் மருந்துக்கடை பெஞ்சு ஒன்று இருக்கிறது, அங்கே உட்காரலாம். கோயிலுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் பெண், இவருடைய பழைய சத்துணவுப் பிள்ளை, தன் வீட்டுப் பாத்ரூமை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டது மருமகள். என்னைக் கேட்டால் மொத்தச் சிகிச்சையிலும் அந்தப் பாத்ரூம்தான் அவரைத் தெருவுக்குக் கொண்டு வந்தது.

நாலு மாதம் கழித்து

மூன்று மீட்டர் நடைக்கு 16 வினாடி. அரை நிமிஷத்தில் ஆறு தடவை எழுகிறார். எழுந்து நிற்கும்போது பிரஷர் 8 மட்டும் இறங்குகிறது. வாரத்தில் நாலைந்து நாள் தெருவுக்கு வருகிறார், கம்போடு. 28 என்று இருந்த மதிப்பெண் 41.5 ஆகியிருக்கிறது. 60க்குக் கீழே இருந்தால் நடமாட்டம் குறுகியவர் என்றே கணக்கு, அந்த 60ஐ அவர் இன்னும் எட்டவில்லை. அதில் ஒரு பகுதி அளவுகோலின் குணம், துணைக்கருவி வைத்திருந்தால் மதிப்பெண் குறையும். மகனுக்கு அதை விளக்க வேண்டியிருந்தது. விழவில்லை. ஒரு தடவை தடுமாறியிருக்கிறார், கைப்பிடி பிடித்துக்கொண்டது.

எல்லாம் நடக்கவில்லை. கால் நரம்பு பழையபடி ஆகாது, அதை அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். வலது கண் அறுவைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், தேதி வாங்க வேண்டும். கோயில் மண்டபத்தில் பழைய கூட்டம் இல்லை, புதிதாக இரண்டு பேரோடு உட்காருகிறார், அவர்களோடு அவ்வளவாக ஒட்டவில்லை என்கிறார்.

பஸ் இன்னும் முடியவில்லை. செங்கல்பட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் கிடையாது, ஆனால் இலவசப் பயணத்துக்கு முதலில் ஏற முடிய வேண்டும். பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், தாழ்தளப் பேருந்தில் 400. சென்னையில் 2024இலிருந்து தாழ்தளப் பேருந்துகள் திரும்ப ஓடுகின்றன, இவர் தெருவுக்குப் பக்கத்து ரூட்டில் இல்லை. இப்போதைக்கு ஸ்டேஷன்வரை ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில் என்று திட்டம் போட்டிருக்கிறோம். கூட்டமில்லாத முற்பகல் நேரமாகப் பார்த்து மகனோடு ஒரு தடவை ஒத்திகை, பிளாட்ஃபாரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அவர் எப்படித் தாண்டுகிறார் என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்வோம்.

இதே மாதிரி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் எங்கே கேட்பது என்று பலர் கேட்கிறார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, வீட்டுக்கே வந்து தருகிற பிசியோதெரபியும் அதில் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மருந்து, கண், எலும்பு, சிறுநீர் எல்லாம் பின்னிக் கிடக்கிறவர்களுக்கு முதியோர் மருத்துவத் துறை வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978இல் தொடங்கி வைத்த துறை அது, கிண்டியில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனையும் 2024 பிப்ரவரியில் திறந்தாயிற்று. போகும்போது மாத்திரைப் பையை மறக்க வேண்டாம். அப்புறம், சிறுநீர் விஷயத்தை மகன் முன்னால் கேட்காதீர்கள்.